விவசாயக் கணக்குகளும் குடிகளின் நம்பிக்கையும்

நல்ல வித்து, போதிய உரம், காலத்தில் கிடைக்கும் நீர் ஆகிய மூன்றுமே விவசாய அபிவிருத்திக்கு முதற் காரணங்கள் என்று சொல்லுவது வழக்கம். இவற்றோடு நான்காவதாகச் சேர்க்கத்தக்கது சரியான கணக்கு. எந்தப் பயிர் எத்தனை ஏக்கரில் நிற்கிறது, அது என்ன மகசூல் கொடுத்தது, அதைப் பயிரிட்டவர் யார் என்னும் மூன்று கேள்விகளுக்கும் உண்மையான விடை கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால், எந்த ஊருக்கு எவ்வளவு உரம் அனுப்புவது, நெல் கொள்முதல் நிலையத்தை எங்கே திறப்பது, வெள்ளச் சேதத்திற்கு யாருக்கு நிவாரணம் கொடுப்பது என்பவற்றைச் சர்க்கார் தீர்மானிப்பது குருடர் யானையைத் தடவிப் பார்த்த கதையாகவே முடியும்.

கணக்கைச் சொல்லுகிறவர் குடியானவர். எழுதுகிறவர் கிராம உத்தியோகஸ்தர். எழுதியபின் அது எங்கே செல்லுகிறது, யார் எதற்காக அதை எடுத்தாளுகிறார் என்பது பெரும்பாலும் இவ்விருவருக்குமே தெரிவதில்லை. கணக்கைச் சேகரிப்பதற்கு ஆயிரம் விதிகள் இருக்கின்றன. அதை உபயோகிப்பதில் நியாயம் தவறாதபடி கவனிப்பதற்கு ஏற்பாடுகள் மிகக் குறைவு. இக்குறை நீங்காவிட்டால் கணக்கும் கெடும், அதை நம்பி நடக்கும் விவசாயமும் கெடும்.

காட்டாங்குளத்தூர் வட்டாரத்தின் நிலை

இதற்குக் காட்டாங்குளத்தூர் ஒன்றியம் தக்க உதாரணம். தாம்பரத்திற்குத் தெற்கே செங்கற்பட்டை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையையும் திருச்சி நெடுஞ்சாலையையும் அடுத்த இவ்வட்டாரத்தில் சென்னை நகரம் வருஷத்துக்கு வருஷம் பரவி வருகிறது. ஏரிப் பாசன நஞ்சையில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் பார்த்து நெல் விளைவித்த குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அவர்களுடைய வரப்புக்கு அப்பால் மனைக்கற்களும் நடப்பட்டிருக்கின்றன. இத்தகைய இடத்தில் ஒருவருடைய நிலத்தின் விஸ்தீரணமும், அவர் பெற்ற கடனும், கைப்பேசி எண்ணும், இவ்வருஷம் பயிரிட்டாரா தரிசு போட்டாரா என்னும் விவரமும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடைத்தால், அதை அறிய விரும்புவோர் விவசாய இலாகாவினர் மட்டும் அல்லர். மனை வியாபாரி, தரகர், வட்டிக்குப் பணம் கொடுப்போர், இடுபொருள் விற்போர் ஆகிய யாவருக்கும் அது விலையுயர்ந்த சரக்கு. இரண்டு பட்டம் தரிசு போட்டவர் யார் என்று தெரிந்தால், பணமுடை உள்ளவர் வீட்டு வாசல் எது என்பதும் தெரிந்துவிடும்.

பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு முதலியவை பொதுஜனங்கள் பார்வைக்கு உரியவை. நிலத்தின் உரிமை மறைவாக இருந்தால் மோசடிக்கு இடமாகும். ஆகையால் அது வெளிப்படையாக இருப்பது நியாயமே. ஆனால் உரிமைக் கணக்கு வேறு, வாழ்க்கைக் கணக்கு வேறு. முன்னது ஊரறிய இருக்கவேண்டியது. பின்னது கேட்ட காரியத்துக்கு மட்டும் பயன்படவேண்டியது.

இந்த ஜில்லாவின் பழைய அனுபவம்

கணக்குக்கும் குடிகளுக்கும் உள்ள சம்பந்தம் இப்பிரதேசத்தில் புதியதன்று. 1763-ம் வருஷம் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கம்பெனியார் பெற்ற செங்கற்பட்டு ஜாகீரில், 1767 முதல் 1774 வரை தாமஸ் பார்னார்டு என்னும் இஞ்சினியர் சுமார் 2,000 கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். நஞ்சை, புஞ்சை, ஏரி, தோப்பு, குடியிருப்பு ஆகியவற்றோடு, களத்து நெல்லில் கணக்கன், வெட்டியான், தச்சன், கொல்லன் முதலியவர்களுக்குச் சேரவேண்டிய பங்குகளும் அவற்றில் கண்டிருந்தன. ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதிவந்த விவரங்களே அவற்றுக்கு ஆதாரம். இக்காலத்து ஆராய்ச்சியாளர்கள் அப்பழைய கணக்குகளைக்கொண்டு அக்காலத்துக் கிராம வாழ்க்கையையும் விளைச்சலையும் அறிந்து வியக்கிறார்கள்.

அக்கணக்குகள் அக்காலத்தில் பயன்பட்டது வேறு விதம். 1794-ல் ஜாகீரின் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிடுவதில் சிரத்தை காட்டினார். அதே சமயம் சர்க்கார் வருமானத்தை உயர்த்துவதிலும் கண்டிப்பாக இருந்தார். மிராசுதார்கள் பலர் கிராமங்களை விட்டு வெளியேறித் தங்கள் எதிர்ப்பைக் காட்டினர். அறிவதற்காக எழுதிய கணக்கு, வசூலிப்பதற்குரிய கருவியாயிற்று. இத்தகைய அனுபவத்துக்குப் பின், கணக்கெடுக்க ஓர் உத்தியோகஸ்தர் ஊருக்குள் வந்தாலே வரி வரும் என்று குடிகள் எண்ணியதும், விளைச்சலைக் குறைத்துச் சொல்லப் பழகியதும் ஆச்சரியமன்று. நம்பிக்கை கெட்ட இடத்தில் கணக்கும் கெடுகிறது என்னும் பாடத்தை இந்த ஜில்லா இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டது.

ஒரே கேள்வி, இரண்டு விதமான பாதுகாப்பு

பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980-ல் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் நியமிக்கப்பட்டனர். ஆள் மாறினாலும் அடங்கல் மாறவில்லை. ஜூலை முதல் தேதி பிறக்கும் பசலி ஆண்டுதோறும் பயிர் விவரங்கள் அதில் ஏறுகின்றன. ஜமாபந்தியில் அவை தணிக்கையாகின்றன. தேசத்தின் சாகுபடிப் பரப்பைச் சொல்லும் புள்ளி விவரங்களுக்கு இத்தகைய கிராமக் கணக்குகளே ஊற்று.

சட்டம் தரும் பாதுகாப்பைப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். 1948-ம் வருஷத்திய ஜனத்தொகைக் கணக்குச் சட்டப்படி, கணக்கெடுப்பவரிடம் சொன்ன விவரத்தை எவரும் கேட்டுப் பார்க்க உரிமையில்லை. பொதுவாகக் கோர்ட்டில் அது சாட்சியமாகவும் செல்லாது. வீட்டுப் பெண்களின் பெயரைச் சொல்லும்படி எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்றும், வழக்கத்தால் கணவன் பெயரைச் சொல்லாத பெண்ணை அதைச் சொல்லும்படி வற்புறுத்தலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. கேட்கும் சர்க்கார் சொல்லும் குடியின் மரியாதையையும் கவனிக்க வேண்டும் என்னும் கருத்து அதில் அடங்கியிருக்கிறது. 2008-ம் வருஷத்திய புள்ளி விவரச் சேகரிப்புச் சட்டமும், அதன்படி பெற்ற விவரம் புள்ளி விவரக் காரியத்துக்கு மட்டுமே பயன்பட வேண்டும், இன்னார் சொன்னது என்று அடையாளம் தெரியும்படி வெளியிடலாகாது என்று விதிக்கிறது.

ஆனால் அடங்கலும், விவசாயிகள் பதிவேடும், உதவித்தொகைப் பட்டியலும் நிர்வாகக் கணக்குகள். மேற்சொன்ன காப்பு அவற்றுக்குத் தானாக வந்து சேருவதில்லை. எத்தனை ஏக்கர் பயிரிட்டீர் என்னும் ஒரே கேள்விக்கு ஒருவரிடம் சொன்ன பதில் ரகசியம். மற்றொருவரிடம் சொன்ன பதில் ரகசியமன்று. கேட்டவரின் கைப்புத்தகத்தைப் பார்த்து இவ்வேற்றுமையை உணரக் குடியானவரால் இயலாது.

முற்காலத்தில் இவ்வேற்றுமையால் பெருந்தீங்கு இல்லை. அடங்கல் புத்தகம் சாவடியில் கிடந்தது. பத்து ஊர்க் கணக்கைச் சேர்த்துப் பார்க்கவே ஒரு மாதம் பிடிக்கும். இப்பொழுது நிலைமை வேறு. 2,817 கோடி ரூபாய்ச் செலவில் மத்திய சர்க்கார் 2024 செப்டம்பரில் அங்கீகரித்த மின்னணு விவசாயத் திட்டத்தின்படி, விவசாயிகள் பதிவேடு, இடக்குறிப்புடன் கூடிய கிராம வரைபடம், விதைப்புப் பதிவேடு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று இணைகின்றன. 11 கோடி விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் வழங்குவது அதன் நோக்கம். தமிழ்நாட்டிலும் 2025 முதல் இவ்வெண் வழங்கும் வேலை நடைபெற்று வருகிறது. ஒவ்வோர் உட்பிரிவுக்கும் நேரில் சென்று கைப்பேசிச் செயலியில் பயிரைப் படமெடுக்கும் கணக்கெடுப்புக்கு 2024 நவம்பரில் வேளாண்மைக் கல்லூரி மாணவர்கள் அனுப்பப்பட்டபோது ஆக்ஷேபங்கள் எழுந்தன. இவ்வேலை வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. அடங்கலைச் சாவடியில் உட்கார்ந்து ஊகித்து எழுதுவதைவிட வயலில் நின்று பதிவது மேலானது. இணைப்பு வலுக்கும் அளவுக்குக் காவலும் வலுக்கவேண்டும் என்பதே கேள்வி.

காவல் இல்லாததால் நேர்ந்த தீங்கு

2020-ல் தமிழ்நாட்டு வட ஜில்லாக்கள் பலவற்றில் வெளிப்பட்ட பிரதம மந்திரி கிசான் உதவித்தொகை மோசடியைக் கிராம உத்தியோகஸ்தர்கள் மறந்திரார். வருஷம் 6,000 ரூபாய் வழங்கும் அத்திட்டத்தில், இலாகாவின் நுழைவுச் சொற்களைப் பிறர் கைக்கொண்டு, விவசாயிகள் அல்லாத லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்துவிட்டனர். சுமார் 110 கோடி ரூபாய் தவறான கைகளுக்குப் போயிற்று. தரகர்கள் வீடு வீடாகச் சென்று ஆதார் எண்ணும் பாங்கிக் கணக்கு எண்ணும் வாங்கியபோது, கொடுத்தவர்கள் அது எதற்கென்று விசாரிக்கவில்லை. விசாரிக்கச் சொல்லிக் கொடுத்தவரும் இல்லை. பணத்தைத் திரும்ப வசூலிக்கும் பாரமும், உண்மையான விவசாயிகளை மறுபடி சோதிக்கும் தொல்லையும் பின்னர் வந்தன. கணக்கை உபயோகிப்பவரைக் கவனிக்க ஆளில்லாவிட்டால் நஷ்டம் கணக்கோடு நிற்பதில்லை.

அறுவடைப் பரிசோதனையில் மற்றொரு விதமான சோதனை உண்டு. நெல்லுக்கு 5 மீட்டர் சதுரமுள்ள ஒரு துண்டை, குலுக்கல் எண்ணால் நிர்ணயித்த வயலில் நிர்ணயித்த இடத்தில் அளந்து, அறுத்து, அடித்து, நிறுக்கிறார்கள். அத்துண்டின் பரப்பு 25 சதுர மீட்டர். அதில் ஒரு கிலோ கூடினாலும் குறைந்தாலும் ஹெக்டேருக்கு 400 கிலோ வித்தியாசம் காட்டும். பயிர்க் காப்பீட்டில் ஊருக்கெல்லாம் நஷ்டஈடு கிடைப்பதும் கிடைக்காததும் இத்தகைய சில துண்டுகளைப் பொறுத்தது. நஷ்டஈடு வேண்டுவோர் மெலிந்த பயிருள்ள இடத்துக்கும், கொடுக்கவேண்டியவர் செழித்த இடத்துக்கும் கயிற்றை இழுக்க விரும்புவது மனித சுபாவம். வங்காளத்துச் சணல் பயிரைக்கொண்டு 1937 முதல் மகலநோபிஸும், பிற பயிர்களில் சுகாத்மே, பான்ஸே முதலியவர்களும் இம்முறையைப் பண்படுத்தியதன் பயன், கயிற்றைப் பிடிப்பவரின் விருப்பத்துக்கு இடமில்லாமற் செய்ததே. அந்தக் குலுக்கல் எண்ணைக் காப்பதும் கணக்கின் தர்மத்தில் ஒரு பகுதி.

குத்தகைதாரரின் பெயர்

நிலவுடைமையாளர்கள் சிந்திக்கவேண்டிய விஷயம் ஒன்று இங்கே உண்டு. 1969-ம் வருஷத்திய சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவேடு ஏற்பட்டபின், குத்தகைதாரர் பெயர் எந்தச் சர்க்கார் காகிதத்தில் ஏறினாலும் அது நாளைக்கு உரிமை வழக்குக்கு ஆதாரமாகும் என்னும் அச்சம் பட்டாதாரர்களிடையே பரவிற்று. ஆகையால் வாய்மொழிக் குத்தகை பெருகியது. அடங்கலில் பட்டாதாரர் பெயரே பயிரிடுபவர் பெயராகவும் ஏறுகிறது. வெள்ளம் வந்தால் நிவாரணமும், பயிர் அழிந்தால் காப்பீடும், பட்டணத்தில் வேலை பார்க்கும் உடைமையாளரின் கணக்கில் சேருகின்றன. வித்தும் உரமும் போட்டவர் வெறுங்கையோடு நிற்கிறார். தமிழ்நாட்டில் ஒரு நில உடைமையின் சராசரி 0.75 ஹெக்டேர் என்று 2015-16 விவசாயக் கணக்கெடுப்பு சொல்லுகிறது. அச்சிறு துண்டுகளை உண்மையில் உழுகிறவர் யார் என்பதை அக்கணக்கு முழுதும் காட்ட இயலாமைக்கு இவ்வச்சமும் ஒரு காரணம்.

உடைமையாளரைக் குறைகூறுவதால் மட்டும் இது தீராது. புள்ளி விவரத்துக்காகவும் நிவாரணத்துக்காகவும் எழுதும் பெயர் உரிமை வழக்கில் இரு தரப்புக்கும் சாட்சியமாகாது என்று சட்டமே உறுதி சொன்னால், பெயரை மறைக்கக் காரணம் இராது. ஒரு காரியத்துக்குக் கொடுத்த விவரம் வேறு காரியத்துக்குச் செல்லாமற் காப்பது பணக்காரருக்கு மட்டும் அனுகூலம் என்று எண்ணுவது பிழை. ஏழைக் குத்தகைதாரர் கணக்கில் இடம் பெறுவதற்கும் அதுவே வழி.

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்பாரும் உளர். அது எப்போதும் போதாது. ஓர் ஊரில் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர் ஒருவரே என்றால், அவ்வூர் மல்லிகைப் பரப்பை அச்சிடுவதும் அவருடைய கணக்கை அச்சிடுவதும் ஒன்றே. ஆகையால்தான் எண்ணிக்கை மிகச் சொற்பமான கட்டங்களை மறைத்தோ, பக்கத்து ஊர்களோடு சேர்த்தோ வெளியிடுவது தேர்ந்த இலாகாக்களின் வழக்கம்.

பிற தேசங்களின் படிப்பினை

1905-ல் அமெரிக்க விவசாய இலாகாவின் புள்ளி விவர அதிகாரியான ஹோம்ஸ் என்பவர் பருத்தி மதிப்பீட்டை வெளியிடுமுன் சூதாட்ட வியாபாரிகளுக்குச் சொல்லிவிட்டார். விளைவித்தவர்களுக்குத் தெரியாத விலை ரகசியம் வியாபாரிகளுக்குத் தெரிந்தது. அதன்பின் அத்தேசத்தில் பயிர் மதிப்பீட்டைப் பூட்டிய அறையில் தயாரித்து, குறித்த நேரத்தில் யாவருக்கும் ஒருங்கே வெளியிடும் முறை ஏற்பட்டது. அதே தேசத்தில் இரண்டாவது உலக யுத்தத்தின்போது, ஜப்பானிய வம்சத்தினரை முகாம்களில் அடைப்பதற்கு ஜனத்தொகைக் கணக்கு உதவியது. ஹாலந்தில் ஒழுங்காக எழுதிவைத்த குடிப் பதிவேடுகளைக்கொண்டே நாஜிகள் யூதர்களைத் தேடிப் பிடித்தனர். 1943 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் பதிவேட்டு அலுவலகத்தை எதிர்ப்பாளர்கள் கொளுத்த நேர்ந்தது. பதிவேட்டை எழுதியவர்கள் இத்தீங்கை நினைத்து எழுதவில்லை. எழுதிய கைக்கும் எடுத்தாளும் கைக்கும் நடுவே தடை இல்லாமையே குற்றம்.

மறைக்கக்கூடாததை மறைப்பதும் தவறே. 2017-18 உழைப்பாளர் கணக்கெடுப்பு அறிக்கை வெளியாகாமல் தாமதித்தபோது, 2019 ஜனவரியில் தேசியப் புள்ளி விவரக் கமிஷனின் அங்கத்தினர் இருவர் ராஜிநாமாச் செய்தனர். மே மாதக் கடைசியிலேயே அறிக்கை வெளிவந்தது. சி. ரங்கராஜன் தலைமையில் அமைந்த கமிஷன் 2001-ல் சிபார்சு செய்தபடி சட்ட பலம் உள்ளதாக அன்றி, 2005-ல் சர்க்கார் தீர்மானத்தால் மட்டுமே ஏற்பட்டது இந்தத் தேசியக் கமிஷன். தனி மனிதர் விவரத்தைக் காப்பதும், பொதுத் தொகையைக் காலத்தில் வெளியிடுவதும் ஒரே தர்மத்தின் இரு பக்கங்கள். ஐக்கிய நாட்டுச் சபை 2014-ல் ஏற்ற புள்ளி விவரக் கோட்பாடுகளும் இவ்விரண்டையும் சேர்த்தே கூறுகின்றன. 2016-ல் இந்திய சர்க்காரும் அவற்றை ஏற்றுக்கொண்டது.

ஐக்கிய இராஜ்யத்தில் தேசியப் புள்ளி விவர அதிகாரிக்கு ஆலோசனை சொல்ல ஒரு தர்மநெறிக் கமிட்டி இருக்கிறது. ஓர் இலாகாவின் கணக்கை மற்றொன்றோடு இணைக்க விரும்புவோர், அதனால் பொதுஜனங்களுக்கு என்ன நன்மை, ரகசியம் எவ்வாறு காக்கப்படும், முறை சரியானதா, சட்டத்துக்கு இசைந்ததா, ஜனங்கள் என்ன நினைப்பார்கள், வெளிப்படையாகச் செய்யப்படுமா என்று அக்கமிட்டியின் முன் விடை சொல்ல வேண்டும்.

செய்யத்தக்கவை

2017 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். 2023-ல் தனிநபர் மின்னணு விவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. புள்ளி விவரக் காரியத்துக்கு அச்சட்டம் விலக்கு அளிக்கிறது. ஆனால் அவ்விவரத்தைக்கொண்டு ஒரு தனி மனிதரைப் பற்றி முடிவு செய்யலாகாது என்பது நிபந்தனை. நிபந்தனை நல்லது. அதை மீறாமல் கவனிப்பவர் யார் என்பதே மிச்சமுள்ள கேள்வி. இலாகா தன்னைத்தானே கவனித்துக்கொள்ளும் என்பது, அளப்பவரே மரக்காலுக்கு முத்திரை போட்டுக்கொள்ளுவதை ஒக்கும்.

ஆகையால் மாநிலத்தில் ஒரு மேற்பார்வைக் கமிட்டி ஏற்படுவது அவசியம். புள்ளி விவர நிபுணர், சட்டம் அறிந்தவர் ஆகியோருடன், பயிரிடும் விவசாயி, குத்தகைதாரர், பெண் விவசாயி ஆகியோரும் அதில் இருக்க வேண்டும்; உத்தியோகஸ்தர்கள் பெரும்பான்மையாக இருத்தல் கூடாது. விவசாயிகள் பதிவேட்டை வேறு இலாகாவுக்கோ தனிக் கம்பெனிக்கோ கொடுக்குமுன் அதன் சம்மதம் பெறவேண்டும். கொடுத்த ஒவ்வொரு விவரமும், கொடுத்த நாள், பெற்றவர், காரணம் ஆகியவற்றோடு ஒரு புத்தகத்தில் ஏறி, கிராம சபையில் வாசிக்கப்படவேண்டும். தவறான பதிவைத் திருத்த ஜமாபந்தியிலேயே மனுக் கொடுக்க வசதி வேண்டும். மகசூல் மதிப்பீடுகள் முன்னரே அறிவித்த தேதியில் வெளிவரவேண்டும்.

இதனால் காலதாமதமும் செலவும் நேரும் என்று ஆக்ஷேபிக்கலாம். பொய்க் கணக்கால் நேரும் செலவு அதைவிடப் பெரிது. இல்லாத பயிருக்கு உரமும், உழாதவருக்கு நிவாரணமும் அனுப்பும் சர்க்கார் ஒவ்வொரு வருஷமும் அச்செலவைச் செய்துகொண்டே இருக்கிறது. ஒளிக்க ஒன்றுமில்லாதவருக்கு என்ன பயம் என்று கேட்பாரும் உண்டு. களஞ்சியத்துக்குப் பூட்டுப் போடுகிறவர் திருடிய நெல்லை வைத்திருக்கிறார் என்று எவரும் சொல்லுவதில்லை.

சட்டமும் கமிட்டியும் வரும்வரை காத்திராமல் செய்யத்தக்கவையும் உண்டு. கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும் விவரம் கேட்குமுன், இது எதற்காக, யார் பார்ப்பார்கள் என்று இரண்டு வாக்கியம் சொல்லலாம். தம் நுழைவுச் சொல்லைப் பிறரிடம் கொடாதிருக்கலாம். நிலவுடைமையாளர் தம் அடங்கலை வருஷந்தோறும் பார்த்து, தம் நிலத்தை உழுகிறவரின் பெயர் அதில் இருக்கிறதா என்று மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ளலாம். ஆதார் எண்ணையும் பாங்கி விவரத்தையும் கேட்கும் தரகரிடம், யார் அனுப்பியது என்று கேட்கலாம்.

2027 மார்ச் முதல் தேதியை ஆதாரமாகக்கொண்டு அடுத்த ஜனத்தொகைக் கணக்கு எடுக்கப்படும் என்று 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. அதற்குள் விவசாயிகள் பதிவேடும் பெரும்பாலும் நிரம்பிவிடக்கூடும். காட்டாங்குளத்தூர் வயல்களில் எத்தனை நெல் வயலாகவே நிற்கும் என்பதை இக்கணக்குகளே பின்வருவோருக்குச் சொல்லும். அவை உண்மையைச் சொல்லவேண்டுமானால், உண்மை சொன்னதால் எவருக்கும் தீங்கு நேராது என்னும் உறுதி முதலில் ஏற்படவேண்டும். அதை ஏற்படுத்துவது சர்க்காரின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது குடிகளின் கடமை.